டெஸ்க்டாப்பில் சாண்ட்பாக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியில் நிறுவும் ஒவ்வொரு மென்பொருளையும் வேலி போட்டு அடைத்துத்தான் ஓடவிட வேண்டுமா என்ற விவாதம் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. இது இல்லாமல் பாதுகாப்பே இல்லை என்கிறது ஒரு தரப்பு. வெறும் கண்துடைப்பு, வேலைதான் கெடுகிறது என்கிறது மற்றொன்று. இரு தரப்பிலிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, என் கருத்தை ஒளிக்காமல் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சாண்ட்பாக்ஸ் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம், இணையத்தில் பேசலாமா கூடாதா, கேமராவும் மைக்கும் அதற்கு உண்டா, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் என்னென்ன கேட்கலாம் என்பதற்கெல்லாம் இயங்குதளமே வரம்பு கட்டுவது. நிரல் நல்லதா கெட்டதா என்று அது ஆராய்வதில்லை. அது வைரஸ் தடுப்பு மென்பொருளின் வேலை. இந்த நிரல் கெட்டுப்போனால் அதிகபட்சம் எவ்வளவு நாசம் செய்ய முடியும் என்பது மட்டுமே சாண்ட்பாக்ஸின் கவலை. கருத்து புதிதல்ல. ஒவ்வொரு நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான அளவு உரிமை மட்டும் கொடு என்று கணினி ஆய்வாளர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவிட்டார்கள்.

பயனர் கணக்கு இருக்கிறது, கடவுச்சொல் இருக்கிறது, நிர்வாகி உரிமை தனியாக இருக்கிறது. இதற்கு மேல் எதற்கு?

அந்த ஏற்பாடெல்லாம் மனிதர்களை மனிதர்களிடமிருந்து காப்பதற்காக உருவானது. யூனிக்ஸ் பிறந்த காலத்தில் ஒரே கணினியைப் பல பேர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் கோப்பை மற்றவர் படிக்கக் கூடாது என்பதுதான் அன்றைய கவலை. நீங்கள் ஓடவிடும் நிரல் உங்களுக்கே எதிராக வேலை செய்யலாம் என்ற எண்ணம் அந்த வடிவமைப்பில் இல்லை. அதனால் நீங்கள் திறக்கும் எந்த நிரலும் ‘நீங்களாகவே’ ஓடுகிறது.

விளைவை யோசித்துப் பாருங்கள். சாதாரண டெஸ்க்டாப்பில் நீங்கள் நிறுவிய ஒரு சிறு விளையாட்டு, உலாவி சேமித்து வைத்திருக்கும் குக்கீகளைப் படிக்கலாம், சேவையகங்களுக்கான ரகசியச் சாவிகளை நகலெடுக்கலாம், குடும்பப் புகைப்படங்கள் மொத்தத்தையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கலாம். இதில் எதற்கும் நிர்வாகி கடவுச்சொல் வேண்டியதில்லை. ஆனால் பிரிண்டர் டிரைவர் நிறுவ மட்டும் கடவுச்சொல் கேட்கும்! மீண்டும் நிறுவிக்கொள்ளக்கூடிய இயங்குதளத்துக்குப் பூட்டு. மீண்டும் கிடைக்காத உங்கள் கோப்புகளுக்கு எதுவும் இல்லை.

கைபேசியில் எல்லாச் செயலிகளும் அடைபட்டுத்தானே ஓடுகின்றன? அங்கே யாரும் சண்டை போடவில்லையே?

அங்கே பழைய மென்பொருள் என்று ஒன்று இருக்கவில்லை. ஆண்ட்ராய்டு 2008-ல் வெளிவந்தபோதே ஒவ்வொரு செயலிக்கும் லினக்ஸில் தனிப் பயனர் எண் கொடுத்துப் பிரித்துவிட்டார்கள். எழுத வந்தவர்கள் முதல் நாளிலிருந்தே அந்த வரம்புக்குள் எழுதப் பழகினார்கள். டெஸ்க்டாப்பில் எந்த நிரலும் எந்தக் கோப்பையும் திறக்கலாம் என்ற சுதந்திரத்தின் மேல் பல பத்தாண்டுகளாகக் கட்டப்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றன. குடியிருக்கும் வீட்டுக்குள் புதிதாகச் சுவர் எழுப்புவது போன்ற வேலை இது; சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சண்டைதான் எதைப் பற்றி?

இரண்டு வேறு பொருள்களை ஒரே பெயரில் அழைப்பதால் பாதிக் குழப்பம் வருகிறது.

முதல் வகை, நிரலை எழுதியவரே தன் நிரலின் ஆபத்தான பகுதியைச் சுற்றிப் போடும் வேலி. உலாவியில் வலைப்பக்கத்தை வரையும் பகுதி இதற்கு நல்ல உதாரணம். நிரலாளர் உங்கள் பக்கம்தான். தன் குறியீட்டில் பிழை இருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொண்டு முன்னேற்பாடு செய்கிறார்.

இரண்டாம் வகை, நிரலாளரையே நம்பாமல் முழு நிரலையும் சுற்றி இயங்குதளம் போடும் வேலி. மேக்கின் ஆப் ஸ்டோர், லினக்ஸில் செயலிகளைப் பொதிந்து தரும் வடிவங்களான ஃபிளாட்பேக், ஸ்நாப், விண்டோஸின் ஆப் கன்டெய்னர் எல்லாம் இந்த ரகம்.

முதல் வகையைப் பற்றி எவரும் குறைசொல்லி நான் கேட்டதில்லை. பயனருக்கு அது இருப்பதே தெரியாது. கூச்சல் முழுவதும் இரண்டாவதைப் பற்றியது. ஆனால் இரண்டாவதை ஆதரிப்பவர்கள் முதல் வகையின் வெற்றிகளை மேற்கோள் காட்டுவார்கள். எதிர்ப்பவர்கள் இரண்டாவதன் தோல்விகளைக் காட்டி மொத்தக் கருத்தையே நிராகரிப்பார்கள். யார் எந்த வகையைப் பற்றிப் பேசுகிறார் என்று முதலில் பார்த்துவிட்டால் வாக்குவாதத்தில் பாதி கரைந்துவிடும்.

முதல் வகை உண்மையிலேயே பலன் தந்திருக்கிறதா?

சந்தேகமே வேண்டாம். குரோம் உலாவி 2008-ல் வந்தபோது பக்கத்தை வரையும் பகுதியைத் தனிச் செயலாக்கமாகப் பிரித்து, உரிமைகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடவிட்டது. குரோமின் திறந்த மூல அடிப்படையான குரோமியத்தில் கண்டுபிடிக்கப்படும் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று அந்தத் திட்டத்தாரே 2020-ல் சொன்னார்கள். அத்தனை பிழை இருந்தும் உலாவி தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், பக்கத்தை வரையும் பகுதியைக் கைப்பற்றியவன் வேலிக்குள்ளேயே நிற்கிறான் என்பதுதான். வெளியே வர அவனுக்கு இரண்டாவது ஓட்டை ஒன்று வேண்டும்.

அடோபி ரீடர் 2010-ல் தன் பத்தாம் பதிப்பில் இதே வழிக்கு வந்தது. அதுவரை பிடிஎஃப் கோப்பு என்றாலே தாக்குதல்காரர்களுக்குக் கொண்டாட்டம். 2018-ல் மைக்ரோசாஃப்ட் தன் டிஃபெண்டர் வைரஸ் தடுப்பையே வேலிக்குள் கொண்டுபோனது. இணையத்திலிருந்து வரும் குப்பை முழுவதையும் மிக உயர்ந்த உரிமையோடு பிரித்துப் பார்க்கும் நிரல் அது. நியாயமாகப் பார்த்தால் அதற்குத்தான் முதலில் வேலி போட்டிருக்க வேண்டும்.

நான் சந்தேகமான கோப்பு எதையும் திறப்பதில்லை. எனக்கு எதற்கு?

நீங்கள் திறக்காவிட்டாலும் உங்கள் கணினி திறக்கும். 2023 அக்டோபரில் வெளிவந்த லிப்கியூ ஓட்டை இதற்குச் சரியான பாடம். இசைத்தட்டின் தடங்களைப் பட்டியலிடும் ‘கியூ’ கோப்புகளைப் படிக்கும் சின்னஞ்சிறு நூலகம், அதாவது மற்ற நிரல்கள் எடுத்தாளும் குறியீட்டுத் தொகுப்பு, லிப்கியூ. பெயரைக்கூடப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பில், தேடுவதற்கு வசதியாகக் கோப்புகளை அட்டவணைப்படுத்தும் பின்னணி நிரல் இந்த நூலகத்தைப் பயன்படுத்துகிறது. பதிவிறக்கக் கோப்புறையில் புதிய கோப்பு விழுந்தவுடன் அது தானாகவே எடுத்துப் படிக்கும். ஆகவே ஒரு சுட்டியைச் சொடுக்கி, கோப்பு பதிவிறங்கினால் போதும். திறக்காமலே தாக்குபவனின் குறியீடு ஓடிவிடும் என்று கிட்ஹப் நிறுவனத்தின் ஆய்வாளர் கெவின் பேக்ஹவுஸ் செய்து காட்டினார்.

அந்தப் பின்னணி நிரலுக்கு ஏற்கெனவே சாண்ட்பாக்ஸ் இருந்தது. அதில் இருந்த இடைவெளி வழியாக அவர் வெளியே வந்தார்; பிறகு அதை அடைத்தார்கள். இதைக் காட்டி ‘பார்த்தீர்களா, வேலியால் பயனில்லை’ என்றார்கள் சிலர். எனக்குத் தோன்றியது நேர்மாறானது. சிறுபடம் உருவாக்குவது, அட்டவணைப்படுத்துவது, எழுத்துருவைப் படிப்பது போன்ற, கண்ணில் படாத வேலைகள்தான் வேலிக்கு மிகப் பொருத்தமான இடம். உள்ளே ஒரு கோப்பு, வெளியே ஒரு சிறு விடை. வேறு எதுவும் அதற்குத் தேவையில்லை. அந்த இடத்தில் வேலி நொய்ந்திருந்தால் பலப்படுத்த வேண்டியதுதானே?

மேக்கில் பெயர்பெற்ற மென்பொருள்களே ஆப் ஸ்டோரைவிட்டு வெளியேறியது ஏன்?

மேக் ஆப் ஸ்டோர் 2011 ஜனவரியில் திறந்தது. அங்கே விற்கும் மென்பொருள்கள் சாண்ட்பாக்ஸுக்குள் ஓட வேண்டும் என்ற விதியை ஆப்பிள் இரண்டு முறை தள்ளிப்போட்டு, கடைசியில் 2012 ஜூன் முதல் கட்டாயமாக்கியது. எளிய மென்பொருள்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. நிரலாளர்கள் பயன்படுத்தும் கருவிகளுக்குத்தான் மூச்சு முட்டியது. பிபிஎடிட் என்ற மூத்த உரைத்திருத்தியின் பிழைப்பே வட்டில் எங்கெங்கோ இருக்கும் கோப்புகளைத் தேடித் திருத்துவதில் இருக்கிறது. அது 2014-ல் வெளியேறியது. கோடா என்ற வலைத்தள உருவாக்கக் கருவியும் அதே ஆண்டு கிளம்பியது.

பிபிஎடிட் 2019-ல் திரும்பி வந்தது. எப்படி? சாண்ட்பாக்ஸுக்குள்தான் ஓடுகிறது, ஆனால் முதல் முறை திறக்கும்போது கோப்புகளை விரிவாக அணுகும் அனுமதியைப் பயனரிடம் நேரடியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. வேலி இருக்கிறது, வாசல் முழுக்கத் திறந்திருக்கிறது. இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் உரைத்திருத்திக்கு அந்த அளவு அனுமதி கொடுத்தேன் என்று தெரிந்து கொடுப்பதற்கும், எல்லா நிரலுக்கும் கேட்காமலே கிடைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

விண்டோஸில்?

2012-ல் விண்டோஸ் 8 ஆப் கன்டெய்னரோடு வந்தது. அதற்குள் ஓடும் புதுவகைச் செயலிகளை மக்களும் நிரலாளர்களும் பெரிதாகச் சீந்தவில்லை. பழைய பாணி மென்பொருள்களே தொடர்ந்தன. அவற்றுக்கும் வேலி போடும் முயற்சியை மைக்ரோசாஃப்ட் 2023-ல் முன்னோட்டமாக வெளியிட்டது. இடையில், 2019-ல் வந்த விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்ற வசதி தனி ரகம்: மூடியதும் எல்லாம் அழிந்துபோகும் ஒரு தற்காலிக விண்டோஸ். சந்தேகமான நிறுவியை ஒருமுறை ஓட்டிப் பார்க்க அருமையானது. ஆனால் அது ப்ரோ முதலான பதிப்புகளுக்கு மட்டும்தான். ஹோம் பதிப்புக்கு இல்லை. அதிகம் தேவைப்படுபவர்களுக்கு இல்லை என்று பொருள்.

ஃபிளாட்பேக்கில் நிறுவினால் எல்லாம் அடைபட்டுத்தான் ஓடும் என்கிறார்களே, உண்மையா?

அனுமதிப் பட்டியலைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஃபிளாட்பேக் செயலி ஒவ்வொன்றோடும் அதற்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியல் வருகிறது. அதில் ‘ஃபைல்சிஸ்டம்ஸ்’ என்ற வரிக்கு எதிரே ‘ஹோம்’ என்று இருந்தால், உங்கள் முகப்புக் கோப்புறையைப் படிக்கவும் எழுதவும் அதற்கு உரிமை உண்டு. இதை ‘கோப்புகளை மட்டும் பார்க்கும், மற்றபடி அடைபட்டிருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முகப்புக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் மறை கோப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலை நீங்கள் திறக்கும் ஒவ்வொரு முறையும், அந்தக் கட்டளைகளை நிறைவேற்றும் பாஷ் என்ற நிரல் தானாக ஓடவிடும் தொடக்கக் கோப்பு. தீய செயலி அதன் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டு அமைதியாகக் காத்திருக்கலாம். மறுநாள் நீங்கள் டெர்மினலைத் திறக்கிறீர்கள். அந்த வரி வேலிக்கு வெளியே, உங்கள் முழு உரிமையோடு ஓடுகிறது. எந்த ஓட்டையும் தேவைப்படவில்லை. கொடுத்த அனுமதியே போதுமானதாக இருந்தது.

ஃபிளாட்பேக் 2018-ல் 1.0 பதிப்பை எட்டியபோதே, பரவலாகப் பயன்பட்ட பல செயலிகளில் இந்த அகலத் திறந்த அனுமதி இருந்தது. அப்படியிருந்தும் மென்பொருள் அங்காடி அவற்றுக்கு ‘சாண்ட்பாக்ஸ் செய்யப்பட்டது’ என்று முத்திரை காட்டியது என்பதுதான் விமர்சகர்களின் கோபம். கோபம் நியாயமானது. பொய் முத்திரை, முத்திரையே இல்லாததைவிட மோசம். பிறகு அங்காடிகள் ஒவ்வொரு செயலியின் அனுமதிகளையும் வெளிப்படையாகக் காட்டத் தொடங்கின. ஃபிளாட்சீல் என்ற கருவி வந்த பிறகு, பயனரே அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். நிறைய செயலிகள் ஹோம் அனுமதியை எடுத்துவிட்டாலும் ஒழுங்காக ஓடுகின்றன. பழக்கத்தின் காரணமாகக் கேட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எக்ஸ்11-ல் சாண்ட்பாக்ஸே வீண் என்கிறார்கள். ஏன்?

லினக்ஸின் பழைய எக்ஸ்11 சாளர அமைப்பில், திரையில் ஒரு சாளரம் திறந்த எந்த நிரலும் மற்ற எல்லாச் சாளரங்களிலும் தட்டப்படும் எழுத்துகளைக் கேட்கலாம், திரையைப் படம் பிடிக்கலாம், போலியாக விசைகளை அழுத்தவும் செய்யலாம். 2016 ஏப்ரலில் ஸ்நாப் வந்த புதிதில், பாதுகாப்பு ஆய்வாளர் மேத்யூ காரெட் ஒரு டெடி கரடிப் படம் காட்டும் ஸ்நாப் செய்தார். கோப்புகள் எதையும் அதனால் தொட முடியாது. ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் நீங்கள் தட்டுவதையெல்லாம் அது கேட்டுக்கொண்டிருந்தது. டெர்மினலில் தானே கட்டளைகளைத் தட்டவும் அதனால் முடிந்தது.

எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலேண்ட் இதை அடியோடு மாற்றியது. ஒரு நிரலுக்கு அதன் சாளரத்தில் தட்டியது மட்டுமே தெரியும். விலை என்ன? திரைப் பகிர்வு, திரைப்பிடிப்பு, எங்கிருந்தும் வேலை செய்யும் குறுக்குவிசைகள், பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் என எல்லாவற்றுக்கும் புது வழி அமைக்க வேண்டியதாயிற்று. இதில் திரைவாசிப்பான் பிரச்சினை மற்றவை போன்றதல்ல. எல்லாச் சாளரத்தையும் படிப்பதுதான் அதன் வேலையே. வேலியை இறுக்குபவர்கள் இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது வழக்கமாகிவிட்டது; இழப்பு முதலில் விழுவது பார்வையற்றோர்மேல்தான். ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைத் தட்டச்சு செய்ய உதவும் உள்ளீட்டு மென்பொருள்களுக்கும் இதே கதி.

வீடியோ திறக்கிறது, சப்டைட்டில் மட்டும் வரவில்லை. இதுவும் சாண்ட்பாக்ஸ் வேலையா?

பெரும்பாலும் ஆம். இந்த வடிவமைப்பின் அழகும் அவலமும் இந்த ஒரு இடத்திலேயே தெரியும்.

‘கோப்பைத் திற’ என்று அழுத்தியதும் வரும் பெட்டியை, ஒழுங்காக அடைபட்ட செயலி தானே காட்டுவதில்லை. வேலிக்கு வெளியே இருக்கும் இன்னொரு நிரல் காட்டுகிறது. லினக்ஸில் இதற்கு போர்ட்டல் என்று பெயர், மேக்கில் பவர்பாக்ஸ். செயலிக்கு உங்கள் கோப்புறைகள் தெரியாது. நீங்கள் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்ததும், அந்த ஒன்று மட்டும் வேலிக்குள் தோன்றும். அனுமதி கேட்கும் பெட்டி வரவில்லை, ‘சரி’ பொத்தான் இல்லை. கோப்பைத் தேர்ந்தெடுத்த செயலே அனுமதி ஆகிவிட்டது. இந்தத் துறையில் இதைவிட நேர்த்தியான யோசனையை நான் பார்த்ததில்லை.

இப்போது நீங்கள் ஒரு திரைப்படக் கோப்பைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பக்கத்திலேயே அதே பெயரில் சப்டைட்டில் கோப்பு இருக்கிறது. பிளேயர் வழக்கம்போல அதைத் தேடுகிறது. அதன் கண்ணுக்கு அந்தக் கோப்புறையில் ஒரே ஒரு கோப்புதான் இருக்கிறது. சேமித்த வலைப்பக்கத்தைத் திறந்தால் படங்கள் வராததற்கும் இதே காரணம். ஒரே பெயரில் வேறு நீட்டிப்பு கொண்ட கோப்புகளைச் ‘சார்ந்தவை’ என்று செயலி முன்கூட்டியே அறிவிக்க மேக்கில் ஏற்பாடு இருக்கிறது. மற்ற இடங்களில் செயலியாளர்கள் சலித்துப்போய் முழுக் கோப்புறைக்கும் அனுமதி கேட்டுவிடுகிறார்கள். ஃபிளாட்பேக் பற்றிய பதிலில் சொன்ன அகலத் திறந்த வாசல்களில் கணிசமானவை இப்படித்தான் உருவாயின. தீய எண்ணத்தால் அல்ல.

உலாவியை ஃபிளாட்பேக்கில் ஓட்டினால் இரட்டைப் பாதுகாப்பா?

இரண்டு வேலி என்பதால் இரண்டு மடங்கு என்று நினைக்கத் தோன்றும். கணக்கு அப்படிப் போவதில்லை. உலாவி தன் தாவல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க லினக்ஸ் கெர்னலின் ‘யூசர் நேம்ஸ்பேஸ்’ வசதியைப் பயன்படுத்துகிறது; நிர்வாகி உரிமை இல்லாமலே ஒரு நிரலைத் தனி அறைக்குள் ஓடவிட உதவுவது அது. ஃபிளாட்பேக்கோ, தனக்குள் ஓடும் செயலிகள் அந்த வசதியைத் தொடக் கூடாது என்று தடுத்து வைத்திருக்கிறது. வெளிவேலி உள்வேலியின் கம்பங்களைப் பிடுங்கிவிடுகிறது. குரோம் வகை உலாவிகளுக்கு, ஃபிளாட்பேக்கின் சொந்த வசதியை வைத்து உள்வேலியை மாற்றிக் கட்டிக்கொள்ளும் ஓர் இடைக்கருவி உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் அந்த ஓர் அடுக்கை இழந்து மற்ற அடுக்குகளை நம்பி ஓடுகிறது.

என் கருத்து: உலாவியில் உள்வேலிதான் முக்கியம். ஒரு தாவலில் வந்த தாக்குதல் உங்கள் வங்கித் தாவலை எட்டாமல் தடுப்பது அதுதான். இதற்காகவே நான் உலாவியை மட்டும் உங்கள் லினக்ஸ் விநியோகத்தின் (உபுண்டு போன்றவை) வழக்கமான தொகுப்பாகவே நிறுவச் சொல்வேன். மற்றவற்றுக்கு இது பொருந்தாது.

சாண்ட்பாக்ஸே புதிய ஓட்டைகளைத் திறக்கிறது என்கிறார்களே?

மேலே சொன்ன யூசர் நேம்ஸ்பேஸ் விஷயத்தில் அது உண்மை. சாதாரணப் பயனரும் வேலி கட்டிக்கொள்ள வேண்டுமானால், நிர்வாகி மட்டும் தொடும் கெர்னல் பகுதிகள் சிலவற்றை அவருக்கும் திறந்துவிட வேண்டும். அந்தப் பகுதிகள் அதுவரை கடுமையாகச் சோதிக்கப்படாதவை. 2022 ஜனவரியில் வெளிவந்த கெர்னல் ஓட்டை ஒன்று உட்பட பல, இந்த வழியாகத்தான் எட்டக்கூடியவையாக இருந்தன.

இதற்காக உபுண்டு 24.04 பதிப்பு அந்த வசதியை இயல்பாகவே கட்டுப்படுத்தியது. விளைவு என்ன தெரியுமா? நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பான ஆப்இமேஜ் வடிவில் வரும், குரோமியத்தை உள்ளே வைத்துக் கட்டிய செயலிகள் பல, தங்கள் உள்வேலியை அமைக்க முடியாமல் திறக்கவே மறுத்தன. இணையத்தில் உடனே பரவிய தீர்வு: சாண்ட்பாக்ஸ் வேண்டாம் என்ற விருப்பத்தோடு அவற்றை ஓட்டுங்கள். கெர்னலைக் காக்கப் போட்ட தடை, செயலிகளை வேலியே இல்லாமல் ஓடவைத்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, முடிவு மட்டும் யாரும் விரும்பாதது.

வேலி கட்ட எல்லோருமே நேம்ஸ்பேஸை நம்பியிருக்கவில்லை. ஓபன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் 2016-ல் பிளெட்ஜ், 2018-ல் அன்வெய்ல் என்று நிரல்கள் கெர்னலிடம் விடுக்கும் இரண்டு எளிய அழைப்புகளைக் கொடுத்தது. ‘இனி எனக்கு இவை மட்டும் போதும்’ என்று நிரலே அறிவித்து உரிமைகளைக் கைவிடுகிறது. பிறகு திரும்பப் பெற முடியாது. லினக்ஸில் 2021 முதல் இருக்கும் லேண்ட்லாக்கும் அந்த மரபில் வருவதுதான்.

திறந்த மூல மென்பொருளை நம்பகமான களஞ்சியத்திலிருந்து நிறுவுகிறேன். எனக்கும் தேவையா?

2024 மார்ச் 29 வரை இந்தக் கேள்வியைப் பலர் தைரியமாகக் கேட்டார்கள். அன்றுதான் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள், பல ஆண்டுகள் பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்த ஒரு பராமரிப்பாளர் பின்வாசல் வைத்திருந்ததை மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் வெளியிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் செல்ல உதவும் எஸ்எஸ்எச் வழி நுழைய ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவது ஏன் என்று துருவப்போய் அகப்பட்டது அது.

அந்தக் கதையில் பலர் கவனிக்காத சிறு காட்சி ஒன்று உண்டு. எக்ஸ்இசட் கருவி லேண்ட்லாக்கைப் பயன்படுத்தித் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் வசதி கொண்டிருந்தது. கணினியில் லேண்ட்லாக் இருக்கிறதா என்று அறிய, நிரலைக் கட்டும் நேரத்தில் ஒரு துண்டுக் குறியீட்டைத் தொகுத்து, அதாவது கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றி (கம்பைல் செய்து), பார்ப்பார்கள். அந்தத் துண்டில் ஒரு வரியில் தனியாக ஒரு முற்றுப்புள்ளி வந்து உட்கார்ந்திருந்தது. புள்ளி இருந்தால் குறியீடு தொகுபடாது. தொகுபடாவிட்டால் ‘லேண்ட்லாக் இல்லை’ என்று முடிவாகும். வேலி ஓசையில்லாமல் கழன்றுவிடும். ஒரே ஒரு புள்ளி! வேலியால் பயனே இல்லை என்று வாதிடுபவர்களிடம் நான் கேட்பது, பயனில்லாத ஒன்றைக் கழற்ற இவ்வளவு மெனக்கெடுவார்களா என்பதுதான்.

அனுமதி கேட்கும் பெட்டிகள் தொல்லை. மக்கள் படிக்காமலே ‘சரி’ அழுத்துகிறார்கள்.

ஆமாம். மேக் 2019-ல் டெஸ்க்டாப், ஆவணங்கள், பதிவிறக்கக் கோப்புறைகளை ஒரு செயலி முதல் முறை தொடும்போது அனுமதி கேட்கத் தொடங்கியது. 2024-ல் திரைப்பதிவு அனுமதியை மாதம் ஒருமுறை புதுப்பிக்கச் சொன்னது. சோதனைப் பதிப்பில் வாரம் ஒருமுறை என்றிருந்து, எதிர்ப்பு கிளம்பியதால் தளர்த்தியது. கேள்வியைப் பெருக்குவதால் பாதுகாப்பு பெருகாது. பதில் தெரியாத கேள்வியை வேலைக்கு நடுவே கேட்டால் மனிதர் ‘சரி’ என்றுதான் சொல்வார், தவறு அவருடையதல்ல. கோப்புத் தேர்வுப் பெட்டி போல, செயலிலேயே அனுமதி அடங்கியிருக்கும் வழிகளைத் தேடுவதை விட்டுவிட்டுப் பெட்டிகளை அடுக்குவது சோம்பேறித்தனம்.

சாண்ட்பாக்ஸ் எதைத் தடுக்கவே முடியாது?

நீங்களே கையில் கொடுப்பதை. ஸ்நாப் அங்காடியில் 2023, 2024 ஆண்டுகளில் போலிக் கிரிப்டோ பணப்பைச் செயலிகள் நுழைந்தன. ஒழுங்காக வேலிக்குள் இருந்தபடியே, ‘உங்கள் மீட்புச் சொற்களைத் தட்டுங்கள்’ என்று, பணப்பையைத் திறக்கும் ரகசியச் சொற்களைக் கேட்டன. மக்கள் தட்டினார்கள், பணம் போயிற்று. இணையம் ஒன்றைத் தவிர வேறு அனுமதி எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. 2018-ல் அதே அங்காடியில் விளையாட்டுக்குள் ஒளிந்து கிரிப்டோ நாணயம் தோண்டிய செயலியும் அப்படியே. கணினியின் கணக்கிடும் திறனைத் திருடுவது எந்தக் கோப்பையும் தொடுவதில்லை. அங்காடியை யார் மேற்பார்க்கிறார்கள் என்பது வேறு கேள்வி, அதற்கு வேலி விடையாகாது.

கணினி மெதுவாகுமா?

வேலியால் அல்ல. முதல் முறை திறக்கும்போது சில ஸ்நாப்கள் தாமதமானதற்குக் காரணம் தொகுப்பு வடிவம்.

இதெல்லாம் அங்காடி வைத்திருக்கும் நிறுவனங்கள் நம்மைக் கட்டுப்படுத்தச் செய்யும் சூழ்ச்சிதானே?

சூழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். சந்தேகப்படுவது நியாயம் என்பேன். வேலியின் விதிகளை எழுதுபவர் யார் என்பதுதான் கேள்வி. ஃபிளாட்பேக்கில் இறுதி முடிவு உங்களுடையது. எந்த அனுமதியையும் கூட்டலாம், குறைக்கலாம். மேக் அங்காடியில் சில அனுமதிகள் ஆப்பிள் கொடுத்தால்தான் உண்டு. நீங்கள் விரும்பினாலும் கொடுக்க முடியாது. அங்காடிக்கு வெளியே விற்கும் மேக் செயலிகளும் விரும்பினால் அதே சாண்ட்பாக்ஸைப் போட்டுக்கொள்ளலாம் என்பதைக் கவனியுங்கள். வேலியும் வணிகமும் ஒட்டிப் பிறந்தவை அல்ல. ஒட்டவைத்தவர்கள் நிறுவனங்கள்.

முழுமையான பிரிப்பு வேண்டும் என்றால்?

க்யூப்ஸ் ஓஎஸ் இருக்கிறது. ஜோனா ருட்கோவ்ஸ்கா தொடங்கிய அந்தத் திட்டத்தின் முதல் பதிப்பு 2012-ல் வந்தது. செயலிகளைப் பிரிப்பதில் அது காலம் கடத்துவதில்லை. வேலை, வங்கி, நம்பாத தளங்கள் என்று உங்கள் வாழ்க்கையையே தனித்தனி மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சாளரத்துக்கும் தனி நிற விளிம்பு போடுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உரையை ஒட்ட வேண்டுமானால்கூடத் தனிக் குறுக்குவிசை அழுத்த வேண்டும். நினைவகம் நிறைய வேண்டும், முப்பரிமாண விளையாட்டுகளை மறந்துவிட வேண்டும். பத்திரிகையாளர்களும் பாதுகாப்பு ஆய்வாளர்களும் அந்த விலையைக் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

சரி, நான் என்ன செய்யலாம்?

இணையத்திலிருந்து வரும் கோப்புகளைப் பிரிக்கும் செயலிகளிலிருந்து தொடங்குங்கள்: ஆவண வாசிப்பான், வீடியோ பிளேயர், அரட்டைச் செயலிகள், விளையாட்டுகள். இவற்றை அடைபட்ட வடிவில் நிறுவி, அனுமதிப் பட்டியலைத் திறந்து, முகப்புக் கோப்புறை அனுமதி இருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். ஏதாவது உடைந்தால் ஒரே ஒரு கோப்புறையை மட்டும் திருப்பிக் கொடுங்கள். வீடியோ பிளேயருக்கு வீடியோ கோப்புறையைப் படிக்கும் உரிமை கொடுத்தால் சப்டைட்டிலும் வந்துவிடும். உள்ளே எழுத விட வேண்டியதில்லை.

நிரல் எழுதும் திருத்தியை அடைத்து வைக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். கம்பைலரும், டெர்மினலும், கணினியின் எல்லாக் கருவிகளும் அதற்கு வேண்டும். ஃபிளாட்பேக்கில் நிறுவினால், கணினியில் இருக்கும் கம்பைலர் அதன் கண்ணில் படாது. படவைக்கும் அனுமதியைக் கொடுத்தால் வேலி இருந்தும் இல்லாததுதான். அங்கே கவலைப்பட வேண்டியது திருத்தியைப் பற்றியல்ல, யார் எழுதியதென்று தெரியாமல் அதில் நீங்கள் சேர்க்கும் நீட்சிகளைப் பற்றி. அவை திருத்தியின் முழு உரிமையோடு ஓடுகின்றன. இன்று மாலை அந்தப் பட்டியலைத் திறந்து, பயன்படுத்தாதவற்றை நீக்கிவிடுங்கள்.